நம் உறுப்பினர் யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், தென்னாப்பிரிக்காவில் நாம் வாழும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் சட்டமன்றத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தைச் சுற்றி வருவதால், இந்த மாதப் பக்கங்களை முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை விட்டு, ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். போன வருடம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக ஊருக்குப் போயிருந்தேன். அங்கே உறவுக்காரர் ஒருவர் சாலை வசதி கேட்டு மனு எழுதி, எம்எல்ஏ அலுவலகத்தில் நேரே கொண்டுபோய்க் கொடுத்தார். எம்எல்ஏவின் பெயர், வீடு, எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதெல்லாம் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது. இங்கே திரும்பி வந்தபின் எங்கள் பகுதிக்கு மாகாண சட்டமன்ற உறுப்பினர் யார் என்று பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் எம்எல்ஏ யார்?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, அந்தப் பத்துப் பேரைக் குறை சொல்ல வேண்டாம். தங்கள் பகுதிக்கென்று மாகாண சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இல்லை. சாட்ஸ்வர்த்துக்கு மட்டுமல்ல, இந்த மாகாணத்தின் எந்த ஊருக்குமே இல்லை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 234 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் உறுப்பினர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். நம்முடைய சட்டமன்றத்தில் 80 இடங்கள் இருக்கின்றன என்றாலும் தொகுதி என்று ஒன்றுகூட இல்லை. மாகாணம் முழுவதுமே ஒரே தொகுதியாகக் கொள்ளப்படுகிறது. தேர்தலுக்கு முன்பே ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் கொடுத்துவிடுகிறது. நாம் வாக்களிப்பது கட்சிக்கு. கட்சி பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் கிடைக்கின்றன. அந்த இடங்களில் பட்டியலின் மேலிருந்து கீழாகப் பெயர்கள் போய் அமர்கின்றன. மொத்த வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதாவது 81ஆல் வகுத்து ஓர் இடத்தின் விலை கணக்கிடப்படுவதால், ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றேகால் விழுக்காடு வாக்குப் பெறும் கட்சிக்கு ஓர் இடம் உறுதி. மீதமுள்ள இடங்கள், எஞ்சிய வாக்குகளின் அளவை ஒப்பிட்டுப் பகிரப்படுகின்றன.

இந்த முறைக்குப் பெரிய நன்மை உண்டு. மாகாணமெங்கும் சிதறிக் கிடக்கும் ஒரு சிறிய சமூகத்தின் வாக்கும் இதில் வீணாவதில்லை. ஆனால் இதற்கு நாம் கொடுக்கும் விலையைத் தங்கள் கடிதம் சரியாகவே சுட்டிக்காட்டுகிறது. உறுப்பினரின் அரசியல் வாழ்வு தொடங்குவதும் முடிவதும் வாக்காளரின் கையில் இல்லை. பட்டியலில் அவர் பெயரை எந்த இடத்தில் எழுதுவது என்று முடிவு செய்யும் கட்சிக்காரர்களின் கையில் இருக்கிறது. ஐந்தாண்டுகள் எவ்வளவு உழைத்தாலும், அடுத்த பட்டியலில் எண்பதாம் பெயராகத் தள்ளப்பட்டவர் திரும்பி வரப்போவதில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாதவர் மூன்றாம் பெயராக இருந்தால் திரும்பி வந்துவிடுவார். இதை நான் நெடுநாளாகவே குறையாகக் கருதி வருகிறேன்.

நடைமுறையில் தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்சிகள் தங்கள் உறுப்பினர்களை மாகாணத்தின் பல பகுதிகளுக்குப் பொறுப்பாளர்களாகப் பிரித்து அனுப்பி, அங்கே அலுவலகமும் வைத்திருக்கின்றன. ஆகவே ஒரே பகுதிக்கு இரண்டு மூன்று கட்சிகளின் உறுப்பினர்கள் பொறுப்பாக இருக்கக்கூடும். தாங்கள் வாக்களித்த கட்சியின் அலுவலகத்தில் சாட்ஸ்வர்த்துக்கு யாரை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் அடுத்த கட்சியிடம் கேளுங்கள். உறுப்பினர்கள் எல்லோரும் மாகாணம் முழுவதற்கும் உரியவர்கள் என்பதால், எவரிடம் மனுக் கொடுக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு, குப்பை, குடிநீர் போன்றவை மாநகராட்சியின் பொறுப்பு. அவற்றுக்கு வார்டு கவுன்சிலர் இருக்கிறார்; அவர் தங்கள் வார்டு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர். பள்ளி, மருத்துவமனை, மாகாணச் சாலை, ஆம்புலன்ஸ், நூலகம் போன்றவையே மாகாண சட்டமன்றத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டவை.

கேள்வி: இன்றைய பட்டியல் முறையைவிட 1984இல் இருந்த முறையே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது இந்தியர்களுக்கென்று தனி அவை இருந்தது, தொகுதி இருந்தது, உறுப்பினர் யார் என்பதும் தெரியும். ராஜ்பன்சியைப் போன்றவர்கள் அப்படித்தானே வளர்ந்தார்கள்? அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பற்றி நடுநிலையோடு எழுத முடியுமா?
– ஓய்வு பெற்ற எழுத்தர், மவுண்ட் எட்ஜ்கம்ப்

பதில்: எழுதலாம். ஆனால் முதலில் 1984ஐப் பற்றி.

1983ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மூன்று அவைகளைக் கொண்ட பாராளுமன்றத்தை உருவாக்கியது. வெள்ளையருக்கு 178 இடங்கள், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45. மற்ற இரண்டு அவைகளும் சேர்ந்தாலும் வெள்ளையரின் எண்ணிக்கையை மீற முடியாதபடி அந்தக் கணக்கு போடப்பட்டிருந்தது. கறுப்பின மக்களுக்கு ஓர் இடம்கூட இல்லை. பிரதிநிதிகள் அவை என்று பெயரிடப்பட்ட இந்தியர் அவைக்கு 1984 ஆகஸ்ட் 28 அன்று தேர்தல் நடந்தபோது, நிறவெறியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியும் நேட்டால் இந்தியக் காங்கிரசும் விடுத்த புறக்கணிப்பு அழைப்பை ஏற்று, பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. அப்போது நான் மெர்பேங்க்கில் பள்ளி மாணவன். என் தகப்பனார் அன்று வேலைக்கு வழக்கம்போலப் போய்விட்டு வந்து, இரவு உணவின்போது, "நமக்கு மட்டும் என்று கொடுப்பதை வாங்கிக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று ஆயாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே தொகுதி இருந்தது, உறுப்பினரின் பெயர் தெரிந்திருந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தொகுதியின் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் அவரைத் தங்கள் பிரதிநிதியாக ஏற்கவில்லை. முகம் தெரிவதும் பிரதிநிதியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நம் சமூகம் அந்த ஆண்டில் பட்டறிந்தது.

இப்போது அமிச்சந்த் ராஜ்பன்சி. 1942இல் டர்பனில் பிறந்தவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் சாட்ஸ்வர்த்தின் தமிழ் வீடுகளில் அவர் பெயரை அறியாதவர் இல்லை. வெள்ளையர் அரசு அமைத்த தென்னாப்பிரிக்க இந்தியர் மன்றத்தின் வழியாக அரசியலில் உயர்ந்து, தேசிய மக்கள் கட்சியைத் தொடங்கி, 1984இல் இந்தியர் அவையின் அமைச்சர் குழுத் தலைவரானார். நிறவெறி அரசின் தலைவராக இருந்த பி.டபிள்யூ. போத்தாவின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். எண்பதுகளின் இறுதியில், அவருடைய நிர்வாகத்தை விசாரித்த ஜேம்ஸ் ஆணையத்தின் மிகக் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாகி, பதவியை இழந்தார். பெரும்பாலான அரசியல்வாதிகளின் கதை அங்கே முடிந்திருக்கும்.

அவர் கதை முடியவில்லை. நிறவெறி ஆட்சியின் முடிவைப் பேசித் தீர்த்த கொடெசா மாநாட்டில் அவருடைய கட்சியும் அமர்ந்தது. 1993இல் சிறுபான்மை முன்னணியைத் தொடங்கினார். அதன்பின் நடந்ததைப் பட்டியல் முறையின் வழியாகத்தான் புரிந்துகொள்ள முடியும். 1994இல், அப்போது 81 இடங்கள் இருந்த மாகாண சட்டமன்றத்தில் அவர் கட்சிக்கு ஓர் இடம்; 1999, 2004, 2009 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இரண்டு இடங்கள். தொகுதி முறை நீடித்திருந்தால், மாகாணமெங்கும் பரவிக் கிடந்த அந்த வாக்குகளில் பெரும்பகுதி வீணாகியிருக்கும். அந்த இரண்டு இடங்களின் மதிப்பை 1999ஆம் ஆண்டின் முடிவைப் பார்த்தால் அறியலாம்: இன்காத்தா சுதந்திரக் கட்சிக்கு 34, ஏஎன்சி என்னும் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்கு 32. இரு பெரிய கட்சிகளும் தனிப்பெரும்பான்மைக்குத் தேவையான 41ஐ எட்டாத அந்த அவையில், இரண்டு பேரைக் கையில் வைத்திருந்தவரை யாரும் அலட்சியப்படுத்த முடியவில்லை. அவர் ஏஎன்சியின் பக்கம் நெருங்கினார். பின்னர் மாகாணத்தின் விளையாட்டுத் துறை அமைச்சராகவும் இருந்தார். 2011 டிசம்பர் 29 அன்று இறக்கும்போதும் அவர் சட்டமன்ற உறுப்பினரே.

என் கருத்தைக் கேட்டால், 1984இல் அவர் எடுத்த முடிவு தவறு என்றே சொல்வேன். தில்லையாடி வள்ளியம்மை போன்றவர்கள் சிறைக்குப் போன மண்ணில், அரைகுறை உரிமையை ஏற்றுக்கொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்தியதற்கு நியாயம் சொல்வது கடினம். ஆனால் 1994க்குப் பின் அவருக்கு விழுந்த வாக்குகள் எவரும் கட்டாயப்படுத்தாமல், எல்லோருக்கும் சமமாகத் திறந்திருந்த வாக்குச்சாவடியில் விழுந்தவை. தங்கள் குரல் பெரிய கட்சிகளின் இரைச்சலில் அமுங்கிவிடும் என்று அஞ்சிய எளிய மக்கள், வேலை போய்விடுமோ, வீட்டுப் பட்டா தாமதமாகுமோ என்று கவலைப்பட்டவர்கள், போன் செய்தால் எடுக்கக்கூடிய ஒருவர் வேண்டும் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

அவர் மறைந்தபின் கட்சித் தலைமை குறித்துப் பூசல் எழுந்தது. அவர் மனைவி சமீன் தாக்கூர்-ராஜ்பன்சி தலைமை ஏற்று, 2014, 2019 தேர்தல்களில் ஓரிடத்தைத் தக்கவைத்தார். 2024இல் அந்த ஓரிடமும் போய்விட்டது. முப்பது ஆண்டுகளில் முதன்முறையாகச் சிறுபான்மை முன்னணி இல்லாத மாகாண சட்டமன்றம் இது.

கேள்வி: ஒற்றை உறுப்பினரால் என்ன மாற்றம் வந்துவிடப் போகிறது? சின்னக் கட்சிக்குப் போடும் வாக்கு வீண்தானே?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: 2024 மே 29 தேர்தலின் முடிவை எடுத்துப் பாருங்கள். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமாவின் எம்கே கட்சிக்கு 37, இன்காத்தாவுக்கு 15, ஏஎன்சிக்கு 14, டிஏவுக்கு (ஜனநாயகக் கூட்டணி) 11, இஎஃப்எஃப்புக்கு (பொருளாதாரச் சுதந்திரப் போராளிகள்) 2, என்எஃப்பிக்கு (தேசிய சுதந்திரக் கட்சி) 1. மாகாண முதல்வரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; சட்டமன்றம் தன் முதல் கூட்டத்தில் தன் உறுப்பினர்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. ஜூன் 14 அன்று நடந்த அந்த வாக்கெடுப்பில் இன்காத்தாவின் தாமி இன்ட்டூலி 41 வாக்குகளும், எம்கே கட்சியின் வேட்பாளர் 39 வாக்குகளும் பெற்றார்கள். இன்காத்தா, ஏஎன்சி, டிஏ மூன்றும் சேர்ந்தால் 40தான். நாற்பத்தோராவது வாக்கு என்எஃப்பியின் ஒரே உறுப்பினருடையது. அவர் மறுபுறம் போயிருந்தால் நாற்பதுக்கு நாற்பது என்று அவை இரண்டாகப் பிளந்து நின்றிருக்கும். மிகப் பெரிய கட்சி எதிர்க்கட்சியாக உட்கார்ந்ததும், பதினைந்து இடங்கள் பெற்ற கட்சியிலிருந்து முதல்வர் வந்ததும் அந்த ஒற்றை இடத்தின்மேல் நின்ற ஏற்பாடு.

கேள்வி: உறுப்பினர் ஒருவர் கட்சி மாறினால் என்ன ஆகும்?
– வாசகர், வெருலம்

பதில்: இடம் போய்விடும். எந்தக் கட்சியின் பட்டியலில் வந்தாரோ அந்தக் கட்சியை விட்டு விலகும்போதே, அல்லது கட்சி அவரை நீக்கும்போதே, அவர் உறுப்பினராக இருப்பது முடிந்துவிடுகிறது. இடைத்தேர்தல் கிடையாது, பட்டியலில் அடுத்துள்ளவர் வருகிறார். இடையில் 2003 முதல் சில ஆண்டுகள், குறிப்பிட்ட பதினைந்து நாள் காலத்துக்குள் இடத்தை இழக்காமலே கட்சி மாறலாம் என்ற ஏற்பாடு இருந்தது. மக்கள் கொடுத்த வாக்கை உறுப்பினர்கள் தம் விருப்பத்துக்கு வேறிடம் கொண்டுபோகிறார்கள் என்ற எதிர்ப்பு வலுத்து, 2009இல் அது நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் கட்சித் தாவல் தடைச் சட்டம் உண்டு. 2017இல் அங்கே 18 எம்எல்ஏக்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது, அந்தத் தொகுதிகளில் 2019இல் இடைத்தேர்தல் நடந்தது. சரி எது, தவறு எது என்று சொல்லும் வாய்ப்பு வாக்காளருக்குக் கிடைத்தது. இங்கே அந்த வாய்ப்பு நமக்கு இல்லை. கட்சியின் முடிவை எதிர்த்து மனச்சாட்சிப்படி வாக்களிக்க நினைக்கும் உறுப்பினர் தம் அரசியல் வாழ்வையே பணயம் வைக்கிறார் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. பொது வேலைகளில் ஆர்வம் உள்ளவள். மாகாண சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். பெற்றோர் நாங்கள் தயங்குகிறோம். அவள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– தாய், லேடிஸ்மித்

பதில்: அம்மா, தயக்கம் இயல்பே. ஆயினும் தங்கள் மகளைத் தடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தகுதியைப் பொறுத்தவரை வாக்களிக்க உரிமையுள்ள எந்தக் குடிமகளும் நிற்கலாம். கடன் தீர்க்க இயலாதவராக அறிவிக்கப்பட்டு அந்நிலையிலிருந்து மீளாதவர்கள், அபராதத்துக்கு மாற்றின்றிப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர்கள் முதலியோருக்கு மட்டும் தடை உண்டு. தண்டனை முடிந்து ஐந்தாண்டுகளில் அந்தத் தடையும் நீங்கிவிடும். மகள் அரசுச் சம்பளம் பெறுபவர் என்பதால், உறுப்பினராகும்போது ஆசிரியர் வேலையை விட்டாக வேண்டும். மாநகராட்சி உறுப்பினராக இருந்துகொண்டே மாகாண சட்டமன்ற உறுப்பினராக இருக்கவும் முடியாது. குடும்பத்தில் கணக்குப் பார்த்துப் பேச வேண்டியது இதுதான்: பட்டியலில் இடம் பிடித்து உள்ளே போனவர் ஐந்தாண்டு கழித்துப் பட்டியலில் இல்லாமல் போகலாம், அப்போது விட்டுவந்த வேலை காத்திருக்காது.

2024இலிருந்து கட்சி சாராத சுயேச்சைகளும் மாகாணத் தேர்தலில் நிற்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் மாகாணம் முழுவதும் ஒரே தொகுதியாக இருக்கையில், ஓர் இடத்துக்குப் போதுமான வாக்கைத் தனி ஒருவர் திரட்டுவது லேடிஸ்மித்திலிருந்து டர்பன் வரை வீடு வீடாக ஏறி இறங்குவதற்குச் சமம். பெரும்பாலோர் செல்லும் வழி வேறு. கோவில் நிர்வாகக் குழு, பள்ளியின் நிர்வாகக் குழு, ஊர் நலச் சங்கம் ஆகியவற்றில் கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் பழகி, கட்சியின் கிளையில் சேர்ந்து, முடிந்தால் வார்டு கவுன்சிலராக நின்று, பிறகு மாகாணப் பட்டியலுக்குப் பெயர் போவது. வார்டுத் தேர்தலைத் தவிர்க்க வேண்டாம் என்பேன். சுயேச்சைகளை விட்டால், இந்த நாட்டின் அரசுத் தேர்தல்களில் மக்கள் ஒருவரின் முகத்தைப் பார்த்து நேராக வாக்களிக்கும் இடம் அது ஒன்றுதான். அங்கே வென்றவர் பின்னர் பட்டியலில் எந்த இடத்தில் வைக்கப்பட்டாலும், தமக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவராக இருப்பார்.

உள்ளே போனபின் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியும் மகளிடம் பேசுங்கள். அவையில் எழுந்து பேசுவது தொலைக்காட்சியில் வரும். உண்மையான வேலை குழுக்களில் நடக்கிறது. கல்வி, சுகாதாரம், நிதி என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு குழு உண்டு. துறையின் தலைமை அதிகாரியையும் மாகாண அமைச்சரையும் வரவழைத்துக் கேள்வி கேட்கவும், ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. மாகாணம் தானே திரட்டும் வருவாய் சொற்பம்; பெரும்பகுதி தேசிய அரசிடமிருந்து வருவது. ஆகவே பணத்தைக் கொண்டுவருவதைவிட, வந்த பணம் எங்கே போனது என்று விடாமல் கேட்பதே மாகாண உறுப்பினரின் தலையாய கடமை. ஆசிரியை ஒருவருக்கு விடைத்தாளைப் படிக்கும் பொறுமை இருக்கும். அந்தப் பொறுமை கணக்குத் தணிக்கை அறிக்கையைப் படிக்கவும் பயன்படும்.

கேள்வி: எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. மாகாண அலுவலகத்தில் கேட்டால் தேசிய அரசைக் கேள் என்கிறார்கள்; அங்கே கேட்டால் பள்ளியைக் கேள் என்கிறார்கள். மாகாண சட்டமன்றத்துக்கு மனுப் போடலாமா? மனுப் போட்டால் எதாவது நடக்குமா?
– பெற்றோர் சிலர், டோங்காட்

பதில்: போடலாம், போடவும் வேண்டும். முதலில் யார் எதற்குப் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்களை அலையவிட்டவர்கள் ஒவ்வொருவரும் அரை உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். பாடத்திட்டம் தேசிய அரசுடையது; அதில் விருப்பப் பாடமாக அனுமதிக்கப்பட்ட மொழிகளுள் தமிழும் இருக்கிறது. பள்ளியின் மொழிக் கொள்கையை எழுதுவது பள்ளி நிர்வாகக் குழு. 2024ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் அதற்கு மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் ஒப்புதலும் தேவை. ஆசிரியர் பணியிடங்களை உருவாக்கி, சம்பளம் கொடுப்பது மாகாணம். ஆகவே காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியைப் பற்றிய கேள்வி மாகாணத்துக்கு உரியது. மாகாணக் கல்வி அமைச்சர் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

உங்கள் கையில் இருக்கும் ஆவணம் நாட்டின் அரசியலமைப்பே. அதன் ஆறாம் பிரிவில், மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. 115ஆம் பிரிவு, மாகாண சட்டமன்றம் எவரிடமிருந்தும் மனுக்களைப் பெறலாம் என்கிறது. 118ஆம் பிரிவு, சட்டமன்றம் தன் வேலைகளில் பொதுமக்களைப் பங்குபெறச் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது.

எதாவது நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1894இல் நேட்டால் காலனியின் சட்டமன்றம், ஆசியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. காந்தியும் அவருடன் இருந்தவர்களும் அதை எதிர்த்து மனு எழுதி, தொண்டர்களை ஊர் ஊராக அனுப்பி, ஏறத்தாழ பத்தாயிரம் கையெழுத்துகளைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். ஓர் இனத்தாரைப் பெயர் சொல்லி ஒதுக்கும் அந்தச் சட்டத்துக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை. மனு வென்றது. ஆனால் 1896இல் நேட்டால் சட்டமன்றம், ஆசியர் என்ற சொல்லே இல்லாமல், பாராளுமன்றத் தேர்தல் முறை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வாக்கில்லை என்று சுற்றி வளைத்து எழுதி, நினைத்ததை நிறைவேற்றிக்கொண்டது.

2005இல் மட்டாட்டியேல் என்ற ஊரை நம் மாகாணத்திலிருந்து கிழக்குக் கேப் மாகாணத்துக்கு மாற்ற அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அதற்கு இரு மாகாண சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை. கிழக்குக் கேப் சட்டமன்றம் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டது. நம் சட்டமன்றம் கேட்காமலே கையெழுத்திட்டது. ஊர்க்காரர்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். மக்களைக் கேட்காமல் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று 2006 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது; குறையைச் சரிசெய்ய பதினெட்டு மாத அவகாசமும் கொடுக்கப்பட்டது. அதன்பின் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. ஆனால் புதிய திருத்தத்தின் வழியே மட்டாட்டியேல் மீண்டும் கிழக்குக் கேப்புக்கே போனது.

இரண்டிலும் மனுக் கொடுத்தவர்கள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாவது நிகழ்ச்சி விட்டுச் சென்ற தீர்ப்பு இன்று உங்கள் கையில் இருக்கும் கருவி. மக்களைக் கேட்பது சட்டமன்றம் காட்டும் சலுகை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

ஆகவே மனுவை இப்படி எழுதுங்கள். தமிழின் பெருமையைப் பற்றி ஒரு வரி போதும். எந்தப் பள்ளி, எந்தப் பணியிடம், எந்த நாளிலிருந்து காலி, எத்தனை பிள்ளைகள் தமிழ் படிக்க விரும்புகிறார்கள், பெற்றோரின் கையெழுத்தும் முகவரியும் – இவை முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். கேட்பது ஒன்றாக இருக்கட்டும்: இந்தப் பணியிடம் எப்போது நிரப்பப்படும்? சட்டமன்றத் தலைவருக்கு ஒரு பிரதி. கல்விக் குழுவில் உள்ள ஒவ்வொரு கட்சியின் உறுப்பினருக்கும் ஒரு பிரதி. தொகுதி உறுப்பினர் இல்லை என்பது இங்கே உங்களுக்குச் சாதகம்: எல்லாக் கட்சிகளின் கதவையும் தட்டலாம், எவரும் 'நீங்கள் என் தொகுதி இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அதே மனுவை, முதல் மனுவின் நாளைக் குறிப்பிட்டு, மீண்டும் அனுப்புங்கள். அடுத்த தேர்தலுக்கு முன் கட்சிகளின் வேட்பாளர் பட்டியல்களைத் தேர்தல் ஆணையம் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கும்போது, உங்கள் மனுவுக்குப் பதில் எழுதியவர்களின் பெயர்கள் அதில் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்று பாருங்கள்.

குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. உங்கள் மனு எடுத்துக்கொள்ளப்படும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மாகாணத் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு நேரில் போங்கள். சட்டமன்றம் கூடும் அந்தப் பழைய கட்டடங்கள், 1896இல் நம்மவர்களின் வாக்கைப் பறித்த நேட்டால் சட்டமன்றம் கூடிய அதே இடம். அன்று மனு எழுதியவர்களுக்கு அங்கே வாக்கில்லை. நாள் குறிக்கப்பட்டதும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். வெருலத்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் உடன் வர விரும்பும் பெற்றோர்களுக்கு இந்தப் பக்கத்திலேயே அறிவித்துவிடுகிறேன்.